பிரேமிளாவின் பிடரி முடி

பிரேமிளாவிடம் ஒரு விஷயத்தை நம்ப வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பதினொரு வருடமாகக் கண்டி மாநகர சபையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மார்க்கெட்டில் மீன் வாங்கினால் அதே மீனை எதிர்க் கடைத் தராசில் போட்டு நிறுத்துப் பார்ப்பாள். யாராவது அவளைப் பாராட்டினால் போதும், அன்று முழுவதும் அந்த ஆளுக்கு என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவளுடைய சாரி நன்றாக இருக்கிறதென்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "என்னா சஞ்சீவனி, லீவு வேணுமா?" என்றாள்.

கல்யாணமும் இப்படித்தான் தள்ளிப்போனது. கடைசியாக வந்த மாப்பிள்ளை நாவலப்பிட்டியில் வாத்தியார். பிரேமிளா யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போய் அவருடைய பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டு வந்தாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். "ரொம்ப நல்லவருன்னு சொன்னான். அவன் அவ்வளவு நல்லா சொன்னதுதான் யோசனையா இருக்கு" என்றாள். அந்த வரன் அத்தோடு முடிந்தது. இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மஹியாவயில் அம்மா இராஜேஸ்வரியோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறாள்.

அவள் நம்பியது ஓட்டத்தை மட்டும்தான். ஓட்டத்தில் யாரும் ஏமாற்ற முடியாது, நானூறு மீற்றர் என்றால் நானூறு மீற்றர்தான் என்பாள். அதற்கும் இரண்டு கையிலும் ஒவ்வொரு கடிகாரம் கட்டிக்கொள்வாள், ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்குமாம். பதினேழு வயதில் மாகாணப் போட்டிக்குத் தெரிவானாள். அடுத்த வாரமே அப்பா தவறிப்போனார். போட்டி நடந்த நாளில் அவள் ஒரு புடைவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சபையில் வேலை நிரந்தரமாகி, கையில் கொஞ்சம் நேரம் வந்த பிறகு, முப்பத்தைந்தாவது வயதில்தான் மறுபடி சப்பாத்துப் போட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் உடம்பு குறையட்டும் என்று ஓடினேன். அவள் அந்தப் பழைய போட்டியை எங்கேயாவது ஓடி முடித்துவிட வேண்டும் என்று ஓடினாள்.

மூத்தோர் பிரிவில் பெண்களுக்கான ஐயாயிரம் மீற்றர். டிசம்பரில் மாகாண அணிக்குத் தெரிவு, மூன்று பேரை எடுப்பார்கள். போன வருடம் ஒன்பது செக்கன் வித்தியாசத்தில் நான்காவதாக வந்தாள். அந்த ஒன்பது செக்கனை அவள் மறக்கவேயில்லை. இந்த வருடம் எப்படியாவது மூன்றுக்குள் வர வேண்டும். இந்த ஒரு ஆசை தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஜூன் மாதமளவில் கடைசி இரண்டு சுற்றுகளில் மூச்சு வாங்கத் தொடங்கியது. படியேறினால் நெஞ்சு படபடத்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு என்று சொல்லி ஆறு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் வயிறு கட்டிக்கொள்கிறது, வாயில் துருப்பிடித்த மாதிரி ருசிக்கிறது என்று ஒரே புலம்பல். "வரிசையில நின்ன எல்லாருக்கும் இதே மாத்திரையத்தான் குடுத்தாங்க. எனக்கு என்னா நோயின்னே அந்த டொக்டர் நிமிந்து பாக்கல" என்றாள். ஆனாலும் போட்டாள். ஓட வேண்டுமே!

ஆகஸ்ட் மாதம் போகம்பறை மைதானத்துக்குக் கஜாலினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்டியில் ஒரு சத்துணவு ஆராய்ச்சிக் குழுவில் வேலை. தலைமுடியைச் சோதித்து, அதில் இருக்கும் சத்துக்களைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சாப்பாட்டு ஆலோசனை எழுதிக்கொடுப்பதாக ஒரு கம்பனி சொல்கிறதாம். அது விளையாட்டு வீரர்களுக்கு உண்மையிலேயே உதவுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. அறுபது பேரிடமும் முடி எடுப்பார்கள். முப்பது பேருக்கு அவரவர் முடியைச் சோதித்து ஆலோசனை. மற்ற முப்பது பேருக்கு எல்லா ஓட்டக்காரருக்கும் சொல்லும் பொது ஆலோசனை. இரண்டு தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது கிடைத்ததென்று பன்னிரண்டு வாரம் முடியும்வரை கஜாலினிக்கே தெரியாது, பட்டியலை முத்திரை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நான் உடனே பேர் கொடுத்துவிட்டேன். பிரேமிளா விசாரணையைத் தொடங்கினாள்.

"முடிய எங்க அனுப்புவீங்க?"

"வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அக்கா."

"மிச்சம் மீதிய என்னா செய்வீங்க?"

"ஆய்வு முடிஞ்ச பிறகு அழிச்சிடுவம்."

"இது சரிவரும்னு ஒங்களுக்கு நிச்சயமா?"

"இல்லை அக்கா. சரிவருமோ இல்லையோ எண்டு எங்களுக்கே தெரியாது. அதைப் பாக்கத்தானே செய்யிறம்."

பிரேமிளா அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். தெரியாது என்று சொல்லுகிற ஒரு படித்த ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாளாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே கையெழுத்துப் போட்டாள். ஆனால் படிவத்தில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நான் முழங்கையால் இடித்தேன். "என் மாத்திரை இவங்களுக்கு எதுக்கு? முடியப் பாத்து அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்றாள். சோதிக்க வந்தவர்களையே இவள் சோதிக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது, படிவத்தைப் பிடுங்கித் திருத்தியிருக்க வேண்டும்.

வீட்டில் இராஜேஸ்வரி அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஆடிப்போய்விட்டார். அவர் சீப்பில் வரும் முடியைக்கூடச் சுருட்டி அடுப்பில் போடுகிறவர். முடியும் நகமும் வெளியாள் கைக்குப் போனால் அதை வைத்துச் சூனியம் செய்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம். மலைநாட்டில் இந்தப் பயம் இல்லாத வீடு குறைவு, எங்கள் வீட்டிலும் உண்டு. பிரேமிளா அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. "சூனியம் வச்சு யாரு செத்தான்னு ஒரு பேரு சொல்லு பாப்போம்" என்றாள். அம்மாவின் முகம்தான் சுருங்கிப்போனது.

முடியைப் பிடரியில், தோலை ஒட்டி, வெட்ட வேண்டும். வீட்டிலேயே வெட்டி, கொடுத்த வெள்ளித்தாளில் மடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பிரேமிளா எண்ணெய் வைக்காமல் இரண்டு நாள் இருந்தாள். கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். உறையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு முதுகு காட்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். அம்மா வெட்டினார், மடித்தார், உறையில் போட்டார். பிரேமிளா உறையை வாங்கி ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே குறுக்காகக் கையெழுத்துப் போட்டாள். இதையெல்லாம் அடுத்த நாள் அவள்தான் பெருமையாக என்னிடம் சொன்னாள்.

மூன்று வாரத்தில் தாள்கள் வந்தன. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பிரேமிளா மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே என் தாளைப் பறித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என்னுடையதில் சிங்க் என்கிற நாகச்சத்து குறைவு, கஜூப் பருப்பும் பூசணி விதையும் மீனும் சாப்பிடு என்றிருந்தது. அவளுடையதில், கடும் பயிற்சி நாட்களில் பின்னேரம் சோர்வு வரலாம், கடைசிச் சுற்றுகளில் கால் கனக்கலாம், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதே, கீரையும் பருப்பும் நெத்தலியும் சேர், உனக்கு வேண்டிய சத்தைச் சாப்பாட்டிலிருந்தே பெறலாம் என்றிருந்தது.

அவளுடைய கண் அகன்றது. "கடைசிச் சுற்றுல கால் கனக்குதுன்னு இவங்களுக்கு யாரு சொன்னா? நான் சொல்லல. ஒன்னையத் தவிர யாருக்கும் தெரியாது. நீ சொன்னியா?"

நான் சத்தியம் பண்ணினேன். கடைசிச் சுற்றில் கால் கனக்காத ஆள் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விடவில்லை. ஒருவேளை உன்னுடையது பொதுத் தாளாக இருக்கலாமே என்றேன். "ரெண்டுல ஒண்ணு பொதுவுன்னா அது ஒன்னோடதுதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்கள் எதையும் நம்பாதவர்கள் இல்லை. தங்களுக்குப் பிடிக்காததைச் சந்தேகப்பட ஒரு சாட்சி கிடைத்தால், அந்தச் சாட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார்கள். பிரேமிளாவுக்குப் பிடிக்காதது அந்த மாத்திரை. சத்தைச் சாப்பாட்டிலிருந்தே பெறலாம் என்று தாள் சொல்கிறது. இரத்தம் குறைவு என்று ஒரு வரியும் இல்லை. ஆகவே மாத்திரை தேவையில்லை! தாளின் அடியில் சின்ன எழுத்தில், வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம் என்றிருந்தது. அதைக் காட்டினேன். "அது கேஸு கீஸு வந்துருமோன்னு பயந்து போடுற வரி" என்று தள்ளிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாத்திரைப் போத்தல் அலுமாரிக்குள்ளே போய்விட்டிருந்தது. அம்மா அது எங்கே என்று கேட்டார்.

"இனி வேணாம்மா. என் முடியே சொல்லிருச்சு, எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு."

"முடி சொல்லுச்சா?"

"ஆமா. டொக்டர் என் மூஞ்சயே பாக்கல. இவங்க என் முடிய உள்ளுக்குள்ள வரைக்கும் பாத்துருக்காங்க."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். எதையோ சொல்ல வந்தவர் குசினிக்குள் போய்விட்டார். மகள் பேச்சைக் கேட்பதில்லை என்ற வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் அவளுடைய நேரம் பதினொரு செக்கன் குறைந்தது. அதுவரை போட்ட மாத்திரையின் புண்ணியம் என்று பிறகு டொக்டர் சொன்னார். பிரேமிளா அப்போது தாளின் புண்ணியம் என்றாள். கஜாலினியின் பேரை எடுத்தாலே முகம் மலர்ந்தது. ஒரு ஆளைப் பற்றி அவள் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை, எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அக்டோபரில் நேரம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. உதடு வெளுத்தது. பயிற்சி போதவில்லை என்று இன்னும் கூட ஓடினாள். வா, போய் இரத்தம் கொடுத்துப் பார்ப்போம் என்று நான் கெஞ்சினேன். நான் தாளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனாம்!

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, ஒன்பதாவது சுற்றில், தடத்தை விட்டு விலகிப் புல்லில் உட்கார்ந்தாள். பிறகு சரிந்து படுத்துவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் திறந்துதான் இருந்தது. "ஒம்பதாவதுதானே? எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்றாள். ஒரு த்ரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இரத்தம் பாதியளவுதான் இருந்தது. இரண்டு போத்தல் ஏற்றினார்கள். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று டொக்டர் கேட்டார். பிரேமிளா தாளைப் பற்றிச் சொன்னாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அம்மா, டொக்டர் நகரும்வரை பொறுத்திருந்து, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அது ஒன் முடி இல்லம்மா."

பிரேமிளா திரும்பிப் பார்த்தாள்.

"நான் என் முடிய முன்னுக்கே வெட்டிக் கைக்குள்ள வச்சிருந்தேன். பிடரிப் பக்கம் எனக்கு இன்னும் கறுப்புத்தானே. ஒன்னோடத வெட்டி மடியில போட்டுக்கிட்டு என்னோடத மடிச்சு வச்சேன். ஒன்னோடத அடுப்புல போட்டுட்டேன். யாராச்சும் என்னமாச்சும் செஞ்சா எனக்கு வந்துட்டுப் போகட்டும்னுதான்..."

கத்தரிக்கோலைச் சரிபார்த்தாள், உறையைச் சரிபார்த்தாள். தன் பிடரியை மட்டும் யாராலும் தானே பார்க்க முடியாதே. நாவலப்பிட்டி வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டவள் தன் அம்மாவின் கையைச் சந்தேகப்படவில்லை.

"நான் மாத்திரைய நிறுத்துனப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" குரல் எழும்பாமல்தான் கேட்டாள்.

"நீ ஏசுவன்னு பயந்தேன். நேரம் கொறையுதுன்னு வேற நீ சந்தோஷமா இருந்த..."

"இருவது வருஷம் கழிச்சு ஓட வந்தேன். அதையும் நீ எடுத்துட்ட."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். அம்மா செய்தது தப்புத்தான், எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் நாலைந்து வாரமாகியும் இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால்? சொல்லிப் பார்த்தேன். "ஒன் வீட்டுல ஒன்ன ஏமாத்தியிருந்தா நீ பேசுவியா?" என்று என் வாயை அடைத்தாள்.

ஜனவரி வரைக்கும் ஓடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிசம்பர் தெரிவுக்கு அவள் பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தாள். மூன்றாவதாக வந்தவளின் நேரம் பிரேமிளாவின் செப்டம்பர் நேரத்தைவிட பதினான்கு செக்கன் கூட. அதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, படியில் இருந்தபடியே அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. நானும் அழுதேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் கஜாலினி எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னாள். முடி பார்த்து எழுதின தாளுக்கும் பொதுத் தாளுக்கும் ஓட்ட நேரத்தில் எந்த வித்தியாசமும் இல்லையாம். என் பங்குக்கு நான் கஜூ தின்று நாலு செக்கன் பின்னால் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு பிரேமிளா கஜாலினியைத் தனியே பிடித்தாள். படிவத்தில் பொய் எழுதியதைச் சொன்னாள். முடி தன்னுடையதில்லை என்பதையும் சொன்னாள்.

கஜாலினியின் முகம் மாறிவிட்டது. "அக்கா, நீங்கள் மாத்திரை எடுக்கிறதெண்டு எழுதியிருந்தா நான் உங்களைச் சேர்த்திருக்கவே மாட்டன். என்ன வேலை பாத்தனீங்கள்!" என்றாள். பிறகு பட்டியலை எடுத்து அவளுடைய இலக்கத்தில் விரலை வைத்தாள்.

"உங்கட முடி ஆய்வுக்கே போகேல்லை அக்கா. நீங்கள் பொதுத் தாள் குழு. அந்த முப்பது பேற்ற உறையும் உடைக்காமல் இஞ்ச பெட்டிக்குள்ளதான் கிடக்கு."

"அப்ப அந்தத் தாள் யாரோட முடியப் பாத்து எழுதுனது?"

"ஒருத்தற்ற முடியையும் பாக்கேல்லை. எல்லா ஓட்டக்காரருக்கும் பொதுவா எழுதினது. அதாலதான் மருந்தை நிறுத்த வேண்டாம் எண்டு கீழ போட்டனாங்கள். நீங்கள் வாசிக்கேல்லையோ?"

பிரேமிளா நம்புவாளா? பட்டியலை வாங்கி இலக்கத்தைப் பார்த்தாள். பெட்டியைத் திறக்கச் சொல்லி உறையை எடுத்து, ஒட்டின இடத்தில் தன் கையெழுத்து உடையாமல் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இல்லாமலிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வாவிக்கரை வழியாக நடந்து வந்தோம். பாதி தூரத்தில் அவள் நின்றாள். பிறகு, "அப்ப அம்மா ஒண்ணுமே செய்யல" என்றாள். "ரெண்டரை மாசம் சஞ்சீவனி. நானே மாத்திரைய நிறுத்திட்டு, ரெண்டரை மாசம் அம்மாவோட பேசாம இருந்திருக்கேன்." எப்படிப் போய்ச் சொல்வது என்று கேட்டாள். வாயாலதான் என்றேன், எரிச்சலோடுதான் சொன்னேன். நீயும் வா என்று என் கையைப் பிடித்தாள்.

இராஜேஸ்வரி அம்மா முன்னறையில் உட்கார்ந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரேமிளா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, ஒன் முடி எங்கயும் போகல. பிரிக்கவே இல்ல, கண்டியிலதான் இருக்கு. நான் இப்பதான் பாத்துட்டு வாறேன். மாத்திரைய நிறுத்துனது நான். பழிய ஒம்மேல போட்டுட்டேன்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பேச்சு திரும்பி வந்த சந்தோஷம் முகத்தில் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் குழப்பத்தோடு தன் வலது காலைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப என் முழங்காலு?"

எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தீபாவளிக்கு முன்னாலிருந்தே மடக்க முடியவில்லையாம்.

"ஏம்மா சொல்லல? ஒரு மருந்தாச்சும் போட்டியா?"

"எப்படிப் போடுறது? ஒனக்கு அனுப்புனதுதான் எனக்கு வந்துருச்சுன்னு நெனச்சேன். வலிக்கிறப்பல்லாம் சாமியக் கும்பிட்டேன், சரியா எங்கிட்டயே வந்துருச்சேன்னு. மருந்து போட்டு வெரட்டுனா அது ஒங்கிட்ட போயிருமே."

பிரேமிளா அப்படியே தரையில் உட்கார்ந்து அந்த முழங்காலைக் கட்டிக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பக்கத்துப் பார்மசிக்குப் போய் ஒரு தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன். நான் வந்தபோதும் இருவரும் அப்படியேதான் இருந்தார்கள். பிரேமிளா போத்தலை வாங்கி மூடியைத் திறந்தாள். விலையைக் கேட்கவில்லை, திகதியைப் பார்க்கவில்லை. அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நிச்சயமா ஒங்கிட்ட வராதா?"

"வராதும்மா" என்று சொல்லி, காலை மெல்ல முன்னுக்கு இழுத்து மருந்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.